தலையைத் தூக்காதீங்க!

"இந்த வகுப்புல ஒரு மண்டு இருக்கு. அது யாருன்னு எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்!"

நீச்சல் குளத்துக்குள் நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி மேனேஜர் கத்தினார். ரத்தக் கொதிப்புக்கு நீச்சல்தான் வழி என்று டாக்டர் விரட்டியதால், மனைவியோடு வந்து சேர்ந்தவர். வங்கியில் அதட்டிப் பழகிய குரல் தண்ணீரில் ஊறினால் மட்டும் இளகிவிடுமா?

பயிற்சி தரும் பெண் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். "என்ன சார் ஆச்சு?"

"மூணு மாசமா மிதவைப் பலகையைப் பிடிச்சுக்கிட்டுக் காலை உதைச்சுட்டிருக்கோம். எப்பத்தான் நீந்துறது?"

"அடிப்படை படியணும் சார். தலையைத் தூக்கினா இடுப்பு தாழ்ந்துடும். அப்புறம் எவ்வளவு உதைச்சாலும் நின்ன இடம்தான்."

"அது எனக்குப் புரியுது. புரியாத ஜென்மம் ஒண்ணு இங்க இருக்கே! 'தலையைத் தூக்காதீங்க'ன்னு நீங்களும் தொண்டை கிழியக் கத்துறீங்க. யாரைச் சொல்றீங்கன்னு நானும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்க்கிறேன். ஒருத்தரும் சிக்க மாட்டேங்கறாங்க!"

கூடவே நீச்சல் கற்றுக்கொள்ளும் மருந்துக்கடைக்காரருக்குப் புரையேறியது. தையல்கார அம்மா சட்டென்று தண்ணீருக்குள் முங்கிக்கொண்டார். அவரவர் முதுகு அவரவருக்குத் தெரிவதில்லையே, என்ன செய்ய!

மேனேஜரின் பார்வை மருந்துக்கடைக்காரரின் தொப்பையில் வந்து நின்றது. "நீங்கதானே அது?"

மருந்துக்கடைக்காரர் ஒரு கணம் விழித்தார். "ஆமா சார்... நான்தான். மன்னிச்சுக்குங்க."

"பார்த்தீங்களா! இவரைத் தனியா விடுங்க மேடம். ஒருத்தர் தேறாததுக்கு ஊரே காத்துக் கிடக்கணுமா?"

பயிற்சிப் பெண் வாயைத் திறந்தாள். மேனேஜரின் மனைவி வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்குங்க சார்."

"என்னமோ பண்ணுங்க!" மேனேஜர் படியேறி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உடை மாற்றும் அறைக்குப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ம், சீக்கிரம்!" என்றாள் பயிற்சிப் பெண்.

அவ்வளவுதான். பலகைகள் மூலைக்கொன்றாகப் பறந்தன. மருந்துக்கடைக்காரரும் தையல்கார அம்மாவும் மேனேஜரின் மனைவியும் மீன்களைப்போல் பாய்ந்து, ஒரே வீச்சில் மறுகரையைத் தொட்டார்கள்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் எப்பவோ கத்துக்கிட்டீங்க. இவருக்காகத் திரும்பத் திரும்ப உதைச்சுட்டிருக்கீங்க. அதுலயும் உங்களைப் போய் இப்படிப் பேசிட்டாரே அண்ணே!"

"விடும்மா," என்றார் மருந்துக்கடைக்காரர், மிதந்து போன பலகையை இழுத்துக்கொண்டே. "குறை சொன்னாங்கன்னு நடைப் பயிற்சியை விட்டார், சைக்கிளையும் விட்டார்னு நீதானே சொன்னே? இதையாவது விடாம இருக்கட்டும். அவர் மிதக்கிற வரைக்கும் நாங்களும் பலகையை விடறதா இல்ல."