ஒரே புகைக்கூண்டு

"சர்ச் விடறதுக்குள்ள முடிச்சாவணும். ஏணிய ஆட்டாம புடிங்க" என்றாள் பியூலா, கூரை மேலிருந்து.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக்கூட போவாம உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேல? ஆள கூப்ட்டா ஆவாதா?" என்றார் கீழே நின்ற கணவர் ஆர்தர்.

"ஆள் வர்றதுக்குள்ள குளிர்காலமே போயிடும். புகை வெளிய போவாம வீட்டுக்குள்ளயே திரும்புது. குளிருக்கு ஜன்னலையும் சாத்திக்கினு தூங்கினா, காலைல எழுந்திருக்க யார் இருப்பா?"

கயிற்றில் கட்டிய முள்கொத்தைப் புகைக்கூண்டுக்குள் இறக்கி இறக்கி இழுத்தாள். ஒரு காக்கைக் கூடு முழுசாக வெளியே வந்தது. அதற்குப் பிறகும் விடவில்லை; அடியில் வெளிச்சம் தெரியும்வரை தேய்த்தாள்.

சர்ச் விடும் மணி அடித்தபோது முகமெல்லாம் கரியோடு இறங்கி வந்து, கை கழுவி, கேஸ் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். அந்த வீட்டில் விறகு எரித்துப் பல வருஷம் ஆகிறது.

சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய மாரிகுப்பத்து லைன் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. இரண்டு வீட்டுக்கும் ஒரே புகைக்கூண்டு. பின்வீட்டில் இருப்பவள் லவினா, ஆர்தரின் தம்பி மனைவி. சர்ச்சிலிருந்து திரும்பி அவள் விறகடுப்பு மூட்ட, புகை நேராக மேலே போனது.

அதைப் பார்த்த ஆர்தர் கேட்டார்: "அவ மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சொன்னியே?"

"இப்பவும் மாட்டேன். உள்ள விழுந்த கரிய அவளே அள்ளிக் கொட்டட்டும்" என்றாள் பியூலா. "பேச்சுதான் இல்ல. அதுக்காவ அந்த வீட்ல மூச்சும் இல்லாம போவணுமா?"