தட்டில் பாதி

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் ஆஸ்பத்திரிக் காமெடி எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. பார்க்கிற வீட்டில் யாருக்கு என்ன நோயோ, அதுதான் நாடகத்து நோயாளிக்கும் வரும். போன வாரம் மேல்வீட்டு மெர்சிக்கு வந்த நோயாளிக்கு இரைப்பையில் புண். மறுநாளே அவள் கணவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவருக்கும் புண் இருந்தது.

இன்று எங்கள் வீட்டில் வந்த நோயாளி, தட்டில் வலது பக்கம் இருந்ததை மட்டும் தின்றுவிட்டு, “இன்னும் பசிக்குது” என்று நர்ஸோடு சண்டை போட்டார்.

“இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே இவர் மூளை மறந்துடுச்சு” என்றார் டாக்டர். டிவியில் எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். என் கணவர் தாமோதரனும் கொஞ்ச நாளாகவே சரியில்லை. நாலு இட்லி கேட்டால் இரண்டுதான் வைக்கிறார். ஏன் என்று கேட்டால் என்னையே பார்க்கிறார்.

“எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க. உங்க தட்டைக் காட்டுங்க.”

காட்டினார். துளி சட்னிகூட மிச்சமில்லை.

“அப்ப டிவிக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு. எனக்கு இன்னும் ரெண்டு இட்லி வைங்க.”

அவர் அடுப்படிக்குப் போகவில்லை. குனிந்து, என் தட்டை மெல்ல அரைவட்டம் திருப்பினார்.

ஆறிப்போன இரண்டு இட்லிகள் என் முன்னால் வந்து நின்றன.