வெள்ளீயம்

புற ஊதா விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

குப்பிக்குள் இருந்த புளித்தண்ணீர் அப்போதும் பச்சையாக ஒளிர்ந்தது.

ஒளிரக் கூடாது.

அவள் உருவாக்கிய ரசாயனம் தண்ணீரில் காரீயம் கலந்திருந்தால் மட்டும்தான் ஒளிரும். துளி இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குத்தான் அவளுக்கு முனைவர் பட்டம் தரப்போகிறார்கள்.

எல்லாம் விளையாட்டாகத் தொடங்கியது. ஆய்வகத்தில் பக்கத்து மேசை ஜெசிந்தா நேற்று இவளுடைய டிபன் பாக்ஸை மோந்து பார்த்துவிட்டு வம்புக்கு இழுத்தாள்.

“ஊர்த் தண்ணியில எல்லாம் ஈயம் இருக்கான்னு பாக்குற. உங்க வீட்டுல ஈயச்சொம்புலதான் ரசமாம்ல?”

அது வேறு ஈயம் என்று இவள் பாடம் எடுத்தாள். சொம்பு செய்வது வெள்ளீயத்தில். விஷம் காரீயம், அதுவும் பிள்ளைகளின் மூளைக்கு. பெயரில்தான் ஒட்டுறவு.

ஜெசிந்தா விடவில்லை. அவள் வாயை அடைக்கலாம் என்று இன்று காலை அந்தச் சொம்பில் வெறும் புளித்தண்ணீரைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டாள். ரசமாகவே கொண்டுவந்தால் மஞ்சள்தூள் தானாகவே ஒளிர்ந்து குழப்பிவிடும்.

பிறகு வழக்கம்போல அதிலேயே ரசமும் வைத்துவிட்டு வந்தாள்.

எவர்சில்வர் பாத்திரத்தில் கொதித்த புளித்தண்ணீரும் பக்கத்துக் குப்பியில் இருந்தது. அது இருண்டு கிடந்தது.

வெள்ளீயத்துக்கும் இது ஒளிரலாமே என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். ஒளிராது. வெள்ளீயத்தைப் பார்த்து ஏமாறாதபடி அதைச் சரிசெய்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்திருந்தது.

சொம்பில்தான் கலப்படம்.

“சுத்தமான ஈயம்மா” என்றிருந்தார் சொம்பு விற்ற கடைக்காரர். ஈயத்தையே படிப்பவள், எந்த ஈயம் என்று கேட்காமல் வாங்கிவந்தாள்.

மகள் ஆதிரைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு சொல் பேசவில்லை. அம்மா என்றுகூட இல்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். சோற்றைக் கண்டாலே ஓடுகிற பிள்ளை, ரசம் சாதத்துக்கு மட்டும் வாயைத் திறக்கும். அதற்காகத்தான் சொம்பே வாங்கினாள். குழையப் பிசைந்து தன் கையாலேயே ஊட்டினாள்.

தன் ஆராய்ச்சி பொய்யாகப் போகட்டும் என்று முதல் முறையாக வேண்டிக்கொண்டாள்.

வீட்டுக்குப் பேசப் போனை எடுத்தாள். அதற்குள் அதுவே அடித்தது.

கணவன். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன், பிள்ளையின் மதியச் சாப்பாடு அவன் பொறுப்பு. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

“பாப்பா பேசிட்டாடி. ரசம்னு சொன்னா. தட்ட நீட்டி இன்னும் கேக்குறா. ஊத்தட்டுமா?”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவனுக்குப் பின்னாலிருந்து பிள்ளையின் குரல் கேட்டது. தெளிவாக, இன்னொரு முறை.