வெயிலில் வைத்த ஈச்சங்கன்று

"அடியே நேடா! சின்ன ஈச்சங்கன்ன உச்சி வெயில்ல வச்சா கருகிடாதா? நிழலுக்கு நகர்த்து!"

ஊர்ப் பூங்காவின் ஈச்சமரங்களை வளர்த்த அவள் அண்ணன் யாகோவ், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். நேடா தொட்டியை ஒலிவ மரத்தடிக்கு நகர்த்தினாள்.

"தண்ணிய ஏன் இப்படிக் கொட்டுற? வேர் அழுகிடும். சின்னத் தொட்டியே போதும். வாடைக்காத்து ஓயற வரைக்கும் தரையில நடாத, தெரிஞ்சுதா?"

"சரிண்ணே."

உள்ளே வந்ததும் கணவன் ஷிமே சிரித்தான். "இருபது வருஷமா ஸ்ப்ளிட் நகரச் சந்தையில ஈச்சங்கன்னு விக்கிறவ நீ. உனக்கே பாடமா?"

"ஒலிவத் தோப்பைப் பிரிச்ச நாள்லேர்ந்து ஒன்பது வருஷமா என்கிட்ட வாயத் திறக்காத மனுஷன். கன்னு வாடினா மட்டும் அவருக்குப் பொறுக்காது."

"இனிமே?"

"நாளைக்கு அதை ஒயின் பீப்பாய்க்கு மாத்தப் போறேன். மதில் ஏறிக் குதிச்சே வந்துடுவாரு பாரு!"