பழைய பேப்பரோடு போனது

“சாதாரணக் கட்டின்னா பெரும்பாலும் உள்ளே கொழுப்பு தெரியும். உங்க கிட்னியில இருக்கிற கட்டியில தெரியல. புற்றுநோயா இல்லையான்னு இந்த ஒரு படத்தை வச்சு சொல்ல முடியாது,” என்றார் ஸ்கேன் டாக்டர். “முன்னாடி ஸ்கேன் எடுத்திருந்தா, வளர்ந்திருக்கான்னு பார்க்கலாம். இல்லன்னா ஆபரேஷன்தான்.”

மருமகளுக்கு அந்தப் பழைய ஸ்கேன் நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு எடுத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியவே கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். புகுந்த வீட்டுக்கு வந்த கையோடு படத்தைப் பழைய பேப்பர் கட்டுக்குள் திணித்துத் தள்ளிவிட்டிருந்தாள். பக்கத்தில் மாமியார் வேறு. துணி மடித்தது சரியில்லை என்றாலே ஒரு வாரம் பேசுகிற மனுஷி. இல்லாத படத்துக்காக வாயைத் திறந்து என்ன ஆகப்போகிறது?

“எடுத்ததில்லை டாக்டர்.”

மாமியார் பைக்குள் கைவிட்டு, கசங்கிய உறை ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

“இது இவளோடதுதான், பதினாலு வருஷத்துக்கு முந்தினது. பாருங்க.”

டாக்டர் இரண்டு படங்களையும் அளந்து பார்த்தார். “அதே அளவு. இத்தனை வருஷமா வளராத கட்டி கெட்டதா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆபரேஷன் வேண்டாம். வருஷம் ஒருதரம் வந்து காட்டுங்க.”

வெளியே வந்ததும் மருமகள் கேட்டாள். “அப்பவே தெரியுமா அத்தை? ஒரு வார்த்தை கேக்கலையே?”

“நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்ற மாதிரி நான் நடந்துக்கல போல.”

மாமியார் உறையை நீட்டினாள்.

“இந்தா. மறுபடி பழைய பேப்பரோட போட்டுடாதே.”