பூஞ்சணம் பிடித்த எரு

சின்னராசா அண்ணை சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. கோபமான கதைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகம் ஏதோ நல்ல கனவு கண்டவரைப் போல இருக்கும்.

சாம்பல்தீவில் அவருடைய வெங்காயப் பாத்திகள், மருந்தடித்தும், இரண்டு போகமாக அழுகிப்போயின. மண்ணிலிருந்து ஏறும் பூஞ்சண நோய். மூன்றாவது முறையும் அழுகினால் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, சீனன்குடாவில் காவல் வேலைக்குப் போவதாக இருந்தார்.

பக்கத்துக் காணி அவருடைய தங்கச்சி பூரணியுடையது. வேலிச் சண்டையில் இருவருக்கும் கதை பேச்சில்லை. "இனி அவளின்ர கையால ஒண்டும் வாங்கமாட்டன்" என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்ன மனிதர்.

கடலும் வானமும் ஒரே நிறமாயிருந்த ஒரு விடியலில், பூரணி வேலிக்கு மேலால் கடகம் கடகமாக எதையோ அவருடைய பாத்திகளில் கொட்டினாளாம். பச்சைத் தூள் பனிக்குள் மிதந்து மெல்ல மண்ணில் இறங்கியதாம்.

"என்னடி கொட்டுறாய்?"

"குப்பை. என்ர காணியில வைக்க இடமில்லை."

"பூஞ்சணம் பிடிச்ச எருவெல்லோ அது! நாத்தம்!"

"நாறினா மூக்கைப் பொத்துங்கோ."

ஊர் பூரணியை ஏசியது. "கூடப் பிறந்தவளும் இப்பிடிச் செய்வாளோ?"

அண்ணை மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்கப் பாத்தி பாத்தியாக அடித்தார். அந்தப் போகம் வெங்காயம் அழுகவில்லை. காணியும் கைவிட்டுப் போகவில்லை.

"எல்லாம் என்ர மருந்து, தம்பி" என்றுதான் கதையை முடிப்பார்.

போன மாதம் கந்தளாயில் ஒரு விவசாயக் கூட்டம். அதிகாரி நிரோஜினி ஈரச் சாக்கை விலக்கி, பச்சை பூத்திருந்த எருவைக் காட்டினார்.

"இது நல்ல பூஞ்சணம். ட்ரைக்கோடெர்மா. பயிரை அழுக வைக்கிற பூஞ்சணத்தை மண்ணுக்குள்ளேயே அழிச்சுப்போடும். சாம்பல்தீவுப் பூரணியக்காதான் எங்களிட்ட இதைச் செய்ய முதல் பழகின ஆள். அவவின்ர அண்ணனும் அந்தப் பயிற்சிக்கு வந்து, கடைசிக் கதிரையில இருந்து எல்லாத்தையும் கேட்டவர்."

"மருந்தும் சேத்து அடிச்சா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இதுவும் செத்துப்போகும்! ஒண்டில் இது, இல்லாட்டி மருந்து. ரெண்டும் ஏலாது."

பஸ்ஸில் வரும்போது வயல்களெல்லாம் அரைத்தூக்கத்தில் இருப்பவை போலப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நேராக அண்ணையிடம்தான் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் பூரணி புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அண்ணை, அந்தப் போகம் முழுக்க நீங்கள் முதுகில சுமந்து அடிச்சது வெறும் தண்ணிதானே?"