கீழே ஓடும் எழுத்து

“கையெழுத்து போட மாட்டேன் சார்.”

கம்பெனி டைரக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தொடக்க விழா. தொலைபேசி கம்பெனியின் இன்டர்நெட் கனெக்‌ஷனோடு, படமும் தொடரும் பார்க்கிற ஓடிடி சேவையும் சேர்ந்தே வீட்டுக்கு வரும். ஒரே பில், ஒரே ரிமோட். ஊரெல்லாம் விளம்பரம் வைத்தாயிற்று. இரண்டு கம்பெனி கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடொன்று பேச வைத்தவளே இவள்தான். இணைப்புப் பிரிவின் தலைவி; இவள் கையெழுத்து இல்லாமல் சேவையைத் தொடங்க முடியாது. கடைசி நேரத்தில் இப்படி முரண்டு பிடித்தால்?

“அப்படி என்னம்மா குறை?”

“கனெக்‌ஷன் கொடுத்ததுமே சப்டைட்டில் தானா ஓடணும் சார். எல்லார் வீட்டுலயும்.”

ஓடிடி கம்பெனியிலிருந்து வந்திருந்தவர் சிரித்தேவிட்டார். “மேடம், யாருமே அப்படிக் கொடுக்கறதில்லை. வேணும்கறவங்க போட்டுப்பாங்க. ரிமோட்ல பட்டன் இருக்கு.”

“அதே பட்டன்தான். வேண்டாம்கறவங்க நிறுத்திக்கட்டுமே.”

“எங்க பக்கம் மாத்தணும், மறுபடி முழுசா சோதிச்சுப் பாக்கணும். விழா தள்ளிப்போகும்.”

“என் பக்கத்து வேலையை முடிச்சாச்சு. உங்ககிட்ட ஆள் இல்லேன்னா சொல்லுங்க, நானே வந்து உட்கார்றேன்.”

டைரக்டர் மேஜையைத் தட்டினார். “இதனால யாருக்கு என்ன லாபம்?”

“குழந்தையைத் தூங்க வச்சிட்டு சத்தத்தைக் குறைச்சுப் பாக்கறவங்க எத்தனை பேர்! பாஷை அரைகுறையாப் புரியறவங்க எத்தனை பேர்! அவங்கல்லாம் நம்மை விட்டு நகர மாட்டாங்க சார்.”

“இந்தப் பொறுப்பை வேற ஒருத்தர்கிட்ட கொடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா?”

“ஒரு போன் போட்டா போதும் சார். ஆனா வர்றவர் என்கிட்ட யோசனை கேட்டா, நான் இதையேதான் சொல்லுவேன்.”

அவள் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. டைரக்டர் மேஜைக் காலண்டரைப் புரட்டினார்.

“திங்கட்கிழமை. அதுக்கு மேல தள்ளினா நான் மனுஷனா இருக்க மாட்டேன்.”

வராந்தாவில் இரண்டு பேர் அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

“சரியான மண்டைக்கனம்!”

“தன் பேரைச் சொல்ல ஏதாவது ஒண்ணு வேணுமில்ல?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை எல்லாம் சொன்னபடி நடந்தது. அந்த வார இறுதியில் அவள் வீட்டுக்கும் புது கனெக்‌ஷன் வந்தது.

ஹாலில் மாமியார் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் டிவி பக்கம் திரும்பியே பல மாதம் ஆகியிருந்தது.

வேலையில் இருந்த காலம் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் அவர். “ஹலோன்னு ஒரு வார்த்தை போதும், பேசறது யாருன்னு சொல்லிடுவேன்” என்பார். அந்தக் காது மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. “இப்ப நடிக்கறவங்க எவனும் வாயைத் திறந்து பேசறதில்லை” என்று டிவியைக் கத்தவிட்டார்.

பொறுக்க முடியாமல் மகன்தான் ஒருநாள், “உனக்காக எழுத்து போட்டு வைக்கறேம்மா, படிச்சுக்கோ” என்றான்.

“நான் என்ன செவிடா?”

அன்று டிவியை அணைத்தவர்தான். டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார்.

இப்போது திரையில் யாரோ ஏதோ முணுமுணுக்க, மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்தில் சட்டென்று மருமகள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, கீழே எழுத்து ஓடுதே. எனக்காகப் போட்டு வச்சியா?”

“உங்களுக்கு எதுக்கு அத்தை? கம்பெனியே அப்படித்தான் கொடுக்குது. எல்லார் வீட்டுலயும் ஓடுது.”

“நிஜமாவா?”

“சந்தேகமா இருந்தா பக்கத்து வீட்டுல எட்டிப் பாருங்க.”

மாமியார் நிஜமாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எதிர்வீட்டுக்கும் ஒரு நடை போயிருப்பார் போல. வரச் சற்று நேரமாயிற்று.

திரும்பி வந்தவர் சோபாவில் சாய்ந்து, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஊருக்கே ஓடுதுன்னா இங்கயும் ஓடிட்டுப் போகட்டும். நான் என்ன அதைப் படிச்சா சிரிக்கறேன்!” என்றார்.